நசுங்கல் இல்லாத செம்பு

"அடிப் பாவி! எங்க நைனா இன்னும் உயிரோடதான்டி கீறாரு!"

வாசற்படியிலிருந்து வந்த அந்தக் குரலில் என் கையிலிருந்த பிரஷ் துள்ளி, படத்திலிருந்த வாழைப்பழத்தின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது.

திரும்பினேன். என் வீட்டுக்காரரின் அக்கா பச்சையம்மாள் நின்றிருந்தார். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் என் மாமனாரின் முழங்கை. அண்ணியின் ஊரான காவாந்தண்டலத்திலிருந்து பஸ் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். மாமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்னை அவர் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு தெரியாது அண்ணி" என்றேன். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"தெரிஞ்சிருந்தா எல்லாத்தயும் வாரி மறைச்சிருப்ப! இன்னாடி பண்ணாரு எங்க நைனா உன்ன?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். மாமா மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

அவர்கள் கண்டது

தெற்குச் சுவரோரம் ஒரு மணை. மணை மேல் ஒரு நுனி வாழை இலை. இலை மேல் மாமாவின் பித்தளைச் செம்பு, பல் போன பிறகு அவர் வெற்றிலை இடித்துப் போட்டுக்கொள்ளும் சின்ன உரல், அவருடைய மூன்று பேட்டரிக் கட்டை போடும் டார்ச் லைட்டு, இரண்டு வாழைப்பழம். பின்னால் ஆணியில் மாட்டித் தொங்கவிட்ட அவருடைய வெளுத்த வேட்டி. ஓரத்தில் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு அகல் விளக்கு. இத்தனைக்கும் எதிரே, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு மருமகள்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது இப்படித்தான் போடுவோம். அந்த ஆள் எதை ஆசையாக வைத்துப் புழங்கினாரோ, எதை விரும்பித் தின்றாரோ, அதையெல்லாம் இலையில் வைத்து, வேட்டி வைத்து, விளக்கேற்றி, தெற்குப் பக்கமாகக் கும்பிடுவோம்.

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பித்தளை மஞ்சளுக்குப் பக்கத்தில் ஏதாவது பச்சையாக இருந்தால் எடுப்பாகத் தெரியும் என்று கைடு புத்தகத்தில் போட்டிருந்தது, அதனால் இலை. துணி மடிப்பு வரைந்து பழகவேண்டும், அதனால் வேட்டி. ஐப்பசி வானம் மூடிக் கிடந்தது, செம்பில் பளபளப்பே விழவில்லை, அதனால் விளக்கு. ஜன்னல் வெளிச்சம் வந்து விழுகிற ஒரே சுவர் அது, தெற்குச் சுவராகப் பார்த்துக் கட்டியது நான் இல்லை. தலைமுடி, காலையில் தலைக்குக் குளித்தது.

தனித்தனியாகச் சொன்னால் எல்லாம் சரிதான். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்தபோது சாவு வீடாகிவிட்டது. இரண்டு நாளாக அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வெளிச்சத்தையும் நிழலையும்தான்.

சும்மா நிற்காத சாமான்கள்

இந்த இடத்தில், நான் ஏன் செம்பையும் உரலையும் வரைந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் பாமாயில் போட ஆரம்பித்திருந்த சமயம். அதில் சுட்ட வடையை ஊரே மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். அந்த வருஷங்களில் டிராயிங் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால் ஸ்கூலில் டீச்சர் வேலை கிடைக்கும் என்று ஒரு பேச்சு. தையல் தெரிந்தவர்கள் தையல் பரீட்சைக்குப் போனார்கள். எனக்குத் தையல் ஊசியில் நூல் கோக்கவே வராது. ஆனால் தீப்பெட்டிப் படத்தைப் பார்த்து அச்சாக வரைந்துவிடுவேன். லோயர் கிரேடு எழுதினேன், பாஸ். அடுத்து ஹையர்.

அதில் மாடல் டிராயிங் என்று ஒரு தாள். ஹால் நடுவே மேஜை போட்டு, பக்கெட்டு, கூஜா என்று வீட்டுச் சாமான்களை வைத்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து பார்த்து வரையவேண்டும். தீப்பெட்டிப் படம் மாதிரி தட்டையாக வரைந்தால் முட்டை மார்க்.

கைடு புத்தகத்தில் இதற்கு "அசையாப் பொருள் ஓவியம்" என்று பேர் போட்டிருந்தது. எழுதியவர் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அசையாமல் நின்ற பொருள் எது? குடத்தை வைத்து வாயும் கழுத்தும் வரைந்து முடிப்பதற்குள் தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருக்கும், குடம் கிணற்றுக்குப் போய்விடும். திரும்பி வந்து வைத்தால் வேறு குடம் மாதிரி இருக்கும், ஏனென்றால் ஈரம். குழம்புச் சட்டியை வைத்தால் அடுப்பு கூப்பிடும். எங்களிடம் எல்லாமே ஒன்று ஒன்றுதான். ஒருமுறை முறத்தைச் சாய்த்து வைத்து, பின்னல் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்து, "அரிசி பொடைச்சிட்டு இதோ தரேன்மே" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முறம் மறுநாள்தான் வந்தது. அந்தப் படம் இன்னமும் அரை முறம்தான்.

கன்னியம்மாவுக்கு என் வேலை புரிந்ததே இல்லை. "சட்டியப் பாத்து சட்டி வரையற. அந்த நேரத்துல அதே சட்டியில ஒரு கொழம்பு வெச்சா நாலு பேரு துன்னுமில்ல?" என்பாள். அதோடு விடாமல், "செரி, என் சட்டியையும் ஒரு தபா வரைஞ்சி குடு. அது ஓட்டையாப் பூட்ச்சி, படத்துலயாவது ஒழுகாம இருக்கட்டும்" என்பாள். நான் டீச்சரான பிறகு பெரிய பெரிய ஓவியர்களைப் பற்றியெல்லாம் படித்தேன். கன்னியம்மா அளவுக்கு யாரும் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை.

பத்து நாள்

மாமாவுக்கு இழுப்பு. ஐப்பசி வந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனை கத்துவது மாதிரி சத்தம் வரும். படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். மணிக்கொரு தரம் வெந்நீர். முதுகு தேய்க்க ஆள். எச்சில் துப்பும் சாம்பல் சட்டியை மாற்ற ஆள். என் வீட்டுக்காரருக்கு உத்திரமேரூர் ரைஸ் மில்லில் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். கைக்குழந்தை வேறு. ஆக, அந்த ஆள் நான்தான்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் என்னிடம் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. "ஒனுக்கு நான் பெரிய பேஜாரா பூட்டேம்மா" என்று மட்டும் சொல்வார். ஆனால் ஒரு மழைக்காலம் முழுவதும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காதவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். சோறு வடிக்கும்போது கண் செருகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும்.

அப்போதுதான் பச்சையம்மாள் அண்ணி வந்து, தன் ஊரில் ஒருவர் இழுப்புக்குச் சூரணம் தருகிறார் என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். "செம்பு, ஒரலு எல்லாம் எதுக்கு நைனா? என் வூட்ல செம்பு இல்லியா இன்னா? வெத்தல நான் இடிச்சித் தரமாட்டேனா?" என்று எல்லாவற்றையும் இங்கேயே வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் கரண்டு இருந்ததால் டார்ச்சும் இங்கேயே தங்கிவிட்டது.

முதல் மூன்று நாள் நான் தூங்கினேன். குழந்தை தூங்கும்போது தூங்கினேன், அது விழித்து விளையாடும்போதும் தூங்கினேன்.

நான்காம் நாள் கண்ணைக் கழுவிக்கொண்டு வீட்டைப் பார்த்தபோது, மாமாவின் சாமான்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. யாரும் எடுக்கவில்லை, யாரும் கேட்டு வரவில்லை. அந்த வீட்டில் முதல்முறையாக எனக்கு அசையாப் பொருள்கள் கிடைத்தன.

சந்தோஷமாக வரைந்தேன். தினம் ஒன்றாக வரைந்து பழகிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வரைய உட்கார்ந்தேன். பத்தாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வந்து நின்றார்கள்.

தொடாத செம்பு

அண்ணியின் சத்தத்துக்குத் தெருவே வந்தது. நான் படத்தைக் காட்டினேன். பரீட்சை என்றேன். கைடு புத்தகத்தை விரித்துக் காட்டினேன். புத்தகத்தில் இருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரக் கூஜாவும் ஆப்பிளும் இருந்தன. "இதுல எங்க வாழையில கீது? எங்க வெளக்கு கீது?" என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி.

கன்னியம்மாதான் எனக்காகப் பேசினாள். "அது முன்ன நான் அரிசி பொடைக்கிற மொறத்த வரைஞ்சிது. நான் இன்னா செத்தா பூட்டேன்?" அதற்கு அண்ணி, "நீ போனா மொறத்த வெச்சாடி படைப்பாங்க?" என்றார். கூட்டத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தவிடு ஒட்டிய முகத்தோடு என்னைப் பார்த்து, "வேற சாமானே கெடைக்கிலியா ஒனுக்கு?" என்றார். அவ்வளவுதான். அவரும் களைத்துப்போயிருந்தார்.

மாமா சத்தம் போடவில்லை. செம்பை விளக்கி, வெந்நீர் ஊற்றி, வழக்கம்போல் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை.

"வேணாம்மா. எனுக்குன்னு வெச்சாச்சி. அத்த எட்த்து நானே குடிச்சா, செத்தவன் வந்து குடிச்ச மாரி. கொயந்த டம்ளரக் குடு."

குழந்தையின் டம்ளரில் அரை ஆழாக்குக்கூடப் பிடிக்காது. ஒரு மடக்கு குடித்து, இரும, மறுபடி கேட்க, மறுபடி ஊற்ற. உரலைத் தொடவில்லை, வெற்றிலையே வேண்டாம் என்றுவிட்டார். ஆணியில் தொங்கிய வேட்டியை அண்ணி வண்ணாரிடம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தன்னோடு ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போவதாக அண்ணி சொன்னார். "இனிமே நைனா என் வூட்லதான். இந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டாரு." மாமா மறுக்கவில்லை.

தண்ணீருக்குப் போன இடத்தில், மாமனாரை உயிரோடு அனுப்பிவைத்த மருமகள் என்று பேசிக்கொண்டார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தின்றது வேறு. அண்ணி "பாவி" என்று கத்தினாரே, அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ ஒன்று திடுக்கென்று ஒளிந்துகொண்டது. அந்தப் பத்து நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மத்தியானம் குழந்தையோடு படுத்துக்கொண்டு, வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகம் இருந்தது. அப்படி நினைத்தவளின் கைதான் அந்த இலையைப் போட்டது. தெரியாமல் போட்டதுதான். ஆனால் தெரியாது என்று சத்தியம் செய்யச் சொன்னால், சூடத்தை அணைக்க என் கை நீண்டிருக்குமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் போய்விட்டால் தூங்கலாம். அவர் இப்படிப் போய்விட்டால் என்றைக்குமே தூங்க முடியாது. இரண்டும் உண்மை.

"எங்க என் செம்பு?"

ஞாயிறு காலை. மாமாவின் துணிகளை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கிணற்றடியில் இருந்தார்.

"இந்தாம்மா, அந்தப் படத்த எட்தா."

கிழித்துப்போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது?"

"பழம் மாமா."

"பழத்து மேல இன்னா பூரான் ஊர்து?"

"அண்ணி கத்தசொல்ல பிரஷ்ஷு இழுத்துக்கிச்சி."

அவருடைய தோள் குலுங்கியது. இருமல் என்று முதுகைத் தேய்க்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"செரி. எங்க என் செம்பு?"

"இதோ கீதே மாமா. நடுவுல."

"இது என்து இல்ல."

"உங்க செம்புதான் மாமா. அதப் பாத்துதான் வரைஞ்சேன்."

"அந்தச் செம்ப எட்தா."

எடுத்து வந்து கீழே வைத்தேன். தொடாமல், விரலை நீட்டி மட்டும் காட்டினார். வயிற்றுப் பக்கம் ஒரு நசுங்கல். ஒரு காலத்தில் ஏர் ஓட்டும்போது வரப்பில் வைத்த செம்பை மாடு மிதித்துவிட்ட நசுங்கல் அது. தண்ணீர் குடிக்கும்போது அவருடைய கட்டைவிரல் சரியாக அதில்தான் போய் உட்காரும். தினமும் நான் விளக்கிய செம்பு, எனக்குத் தெரியாதா?

"இது எங்க போச்சி படத்துல?"

"அத செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிட்டேன் மாமா."

"ஏன்?"

"நடுவுல கோடு போட்டுப் பாப்பாங்க. ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் மார்க்கு. நசுங்கல் இருந்தா எனுக்கு வரைய வராது."

அவர் படத்தையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "பச்ச! ஏ பச்ச! இங்க வா" என்று கூப்பிட்டார். அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"நல்லாப் பாரு. இதுல நசுங்கல் கீதா?"

"இல்ல."

"எனுக்குப் படைக்கிறவ நசுங்கல மறைச்சி வெப்பாளா? செத்துப் பூட்டவன் வந்து எத வெச்சி அடையாளம் கண்டுபுடிப்பான்? இது யாரோ புதுச் செம்புக்காரனுக்குப் படைச்சிருக்கா. நமக்கு இல்ல."

"டார்ச்சு லைட்டு?" என்றார் அண்ணி.

"டார்ச்சு எல்லா வூட்லயும் ஒரே மாரிதான் கீது."

அண்ணி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "வேட்டி மடிப்பு மட்டும் அப்டியே கீது" என்று முணுமுணுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பிப் போனார். அண்ணியிடமிருந்து வந்ததில் அதுதான் மன்னிப்பு.

நான் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பையில் வைப்பதா, எடுப்பதா என்று தெரியவில்லை.

"நான் இல்லாதப்ப இன்னாம்மா பண்ண?" என்று மாமா கேட்டார். குரல் தணிந்திருந்தது.

வரைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது.

"தூங்கினேன் மாமா."

"எம்மாம் நேரம்?"

"விடியற வரைக்கும்."

தலையை ஆட்டினார். பிறகு செம்பை என் பக்கமாகத் தள்ளினார்.

"தண்ணி கொண்டா. சூடா இருக்கட்டும்."

கொண்டுவந்தேன். கட்டைவிரலை நசுங்கலில் பதித்து, செம்பைத் தூக்கி, தொண்டை ஏறி இறங்க முழுதும் குடித்தார். பையிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

அன்றைக்கு அண்ணி தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

பரீட்சையில் அந்த முறை நான் பெயில். மறுமுறை எழுதவேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காவாந்தண்டலம் போயி பத்து நாள் இருந்துட்டு வரேன்" என்றார். ஏன் என்று மகன் கேட்டதற்கு, "அதுக்கு வரைய சாமான் வோணுமில்ல? நான் இங்க குந்திக்கினு இருந்தா செம்பு எங்க சும்மா நிக்கும்?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது வழக்கமாகிவிட்டது. மறுமுறை எழுதிப் பாஸ் செய்தேன். அதற்குப் பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. யாராவது கேட்டால் மருமகளுக்குப் பரீட்சை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாளில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். மாமா அவசரப்பட மாட்டார். மணையைத் தானே இழுத்துச் சுவரோரம் போடுவார். உரலை வைப்பார், டார்ச்சைச் சாய்ப்பார். செம்பை நடுவில் வைத்து, நசுங்கலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டு, "தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.